விளையாட்டு வலை ஏற்றுமதி: முதல் சரக்கு கப்பல் ஏறும்வரை

எங்கள் கிடங்கின் மூலையில் 40 கிரிக்கெட் பயிற்சி வலைகள் இன்றும் சுருட்டியபடி கிடக்கின்றன. நூலில் குறையில்லை, முடிச்சில் குறையில்லை, நிறமும் கேட்ட கரும்பச்சைதான். வாங்குபவர் ‘50 மி.மீ. கண்ணி’ என்று எழுதியிருந்தார். நாங்களும் 50 மி.மீ. கண்ணிதான் பின்னினோம். அவர் சொன்னது ஒரு முடிச்சிலிருந்து பக்கத்து முடிச்சு வரை. நாங்கள் அளந்ததோ மீன்வலைக்காரர் வழக்கப்படி, கண்ணியை இழுத்துப் பிடித்து எதிர் முடிச்சு வரை. அவர் கணக்கில் எங்களுடையது 25 மி.மீ. வலை. நூல் ஏறக்குறைய இருமடங்கு போய், எடையும் கூடி, கடைசியில் அவருக்குத் தேவைப்படாத சரக்காகிவிட்டது. அளவுகோல் வைத்து ஒரு படம் அனுப்பச் சொல்லி அவர் கேட்டதால் கப்பல் கூலியாவது மிஞ்சியது.

நாகர்கோவில் பக்கம் வலைக் கம்பெனி என்றால் மீன்வலைதான். அதே இயந்திரத்தில், அதே நூலில், அதே ஆட்களை வைத்து விளையாட்டு வலையும் செய்யலாம் என்பது எங்களுக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. இந்தியாவின் விளையாட்டுச் சாமான் தொழில் பெரும்பாலும் ஜலந்தரிலும் மீரட்டிலும் இருக்கிறது. மட்டை, பந்து, கால் கவசம் என்று அவர்களோடு நாம் மோத முடியாது. வலை வேறு. வெயிலிலும் மழையிலும் கிடந்து சில வருடங்களில் நைந்துபோகும், திரும்ப வாங்கியே ஆகவேண்டும். டென்னிஸ் சாயலில் ஆடும் பிக்கிள்பால், பேடல் மைதானங்கள் பல நாடுகளில் புதிதாக முளைக்கின்றன. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட் திரும்ப வருகிறது. 2032 ஒலிம்பிக் பிரிஸ்பேனில். ஆர்டர் கிடைக்காமல் தோற்றவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அளவிலும் காகிதத்திலும் கோட்டைவிட்டவர்களைத்தான் பார்த்திருக்கிறேன், என்னையும் சேர்த்து.

கீழே உள்ளவை சிறு உற்பத்தியாளருக்கானவை. வலைதான் என் உதாரணம். கேரம் போர்டோ யோகா விரிப்போ செய்பவருக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

1. பொருளை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

எந்தப் பதிவுக்கும் அலைவதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு வலைக்கும் ஒரு விவரத்தாள். அதில் இவை இருக்க வேண்டும்: எந்த விளையாட்டு, நீள அகலம், கண்ணி அளவு, அது எப்படி அளந்தது, சதுரக் கண்ணியா சாய்சதுரமா, முடிச்சு உள்ளதா இல்லாததா, நூல் நைலானா ஹெச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக்கா, ஓரக்கயிற்றின் தடிமன், நிறம், வெயில் தாங்க யு.வி. தடுப்பான் சேர்த்திருக்கிறதா, எவ்வளவு கூடக்குறைய வரலாம்.

கண்ணிக்குப் பக்கத்தில் ‘முடிச்சிலிருந்து முடிச்சு’ என்று எழுதுவதோடு நிற்காமல் ஒரு படமும் வரைந்துவிடுங்கள். நூலுக்கும் இதே தொல்லை உண்டு. நாம் 210/36 என்று டெனியரும் (இழையின் எடைக்கணக்கு) இழை எண்ணிக்கையுமாகப் பேசுவோம். அவர்கள் 2 மி.மீ., 3 மி.மீ. என்று விட்டத்தில் கேட்பார்கள். நூலை இழுத்து அளந்தால் ஒன்று வரும், தளர்த்தி அளந்தால் வேறொன்று. ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்ற எண்ணையும் சேர்த்துக்கொண்டால் சண்டை வராது. தராசு எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

விதிப்புத்தகத்தில் அளவு உள்ள விளையாட்டுகளுக்கு அதையே பின்பற்றுங்கள். வாலிபால் வலை 1 மீட்டர் அகலம், 9.5 முதல் 10 மீட்டர் நீளம், கண்ணி 10 செ.மீ. சதுரம். பேட்மின்டன் வலை 760 மி.மீ. அகலம், கண்ணி 15 முதல் 20 மி.மீ. பேடல் வலை 10 மீட்டர் நீளம், நடுவில் 88 செ.மீ. உயரம், ஓரங்களில் 92. பிக்கிள்பால் ஓரத்தில் 36 அங்குலம், நடுவில் 34. கால்பந்து கோல் கம்பத்தின் உள்ளளவு 7.32 மீட்டருக்கு 2.44 மீட்டர் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வலையின் ஆழம் கம்பத்துக்குக் கம்பம் மாறும். மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று கேட்காமல் அறுக்காதீர்கள்.

நைலான் நனைந்தால் அளவு மாறும் என்பது வலைக்காரருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வாங்குபவருக்குத் தெரியாது. அதையும் தாளில் ஒரு வரி எழுதுங்கள்.

2. ஹெச்.எஸ். எண்ணைத் தீர்மானியுங்கள்

சுங்கத்துறை பொருளை வகைப்படுத்தும் எண் இது. பாக்கிக் காகிதம் எல்லாம் இந்த எண்ணில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. முடிச்சிட்ட வலையைச் சுருளாக, மீட்டர் கணக்கில் விற்றால் அது 5608. அதையே அளவாக வெட்டி, ஓரக்கயிறு தைத்து, கோல் வலையாகவோ டென்னிஸ் வலையாகவோ முடித்துக் கொடுத்தால் 9506. இந்தியப் பட்டியலில் விளையாட்டு வலைக்கென்றே 95069960 என்ற எட்டிலக்க எண் இருக்கிறது. ஒரே தறியில் வந்த வலை, தையலுக்கு முன் ஓர் அத்தியாயம், தையலுக்குப் பின் வேறோர் அத்தியாயம். ஜி.எஸ்.டி. பில்லில் ஒன்றும் ஷிப்பிங் பில்லில் (சுங்கத்துக்குத் தரும் ஏற்றுமதி அறிவிப்பு) இன்னொன்றும் போட்டால் ரீஃபண்ட் நேரத்தில் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒன்று. அதற்கு மேல் நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றியப் பட்டியலில் 950699இன் கீழ், பந்து நீங்கலான கிரிக்கெட், போலோ சாதனங்களுக்குத் தனி வரிசை உண்டு, அதற்குப் பொதுத் தீர்வையே பூஜ்யம். மற்றவற்றுக்கு 2.7 சதவீதம். அமெரிக்கப் பட்டியலில் பருத்திப் பேட்மின்டன் வலைக்குத் தனி வரிசை வைத்திருக்கிறார்கள், யார் கேட்டார்களோ! உங்கள் வலை எந்த வரிசையில் உட்காரும் என்பதை அங்குள்ள வாங்குபவரின் சுங்க முகவர்தான் சொல்ல வேண்டும். நீங்கள் யூகித்துச் சொல்லி, அது தப்பினால் அபராதம் அவருக்கு, ஆர்டர் இழப்பு உங்களுக்கு.

3. பதிவுகள்: இந்த வரிசையில் போங்கள்

வரிசை முக்கியம். ஒன்று இல்லாமல் அடுத்தது நகராது.

பான், ஜி.எஸ்.டி., நடப்புக் கணக்கு மூன்றிலும் நிறுவனத்தின் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். என் வங்கிக் கணக்கில் ஒரு முற்றுப்புள்ளி கூடுதலாக இருந்தது. அதைச் சரிசெய்ய நான்கு தடவை கிளைக்குப் போனேன். சிறுதொழிலுக்கான உதயம் பதிவு இல்லையென்றால் இதோடு எடுத்துவிடுங்கள், கட்டணம் கிடையாது.

அடுத்தது ஐ.இ.சி., அதாவது ஏற்றுமதி, இறக்குமதிக்கான அடையாள எண். அந்நிய வர்த்தக இயக்குநரகத்தின் (டி.ஜி.எஃப்.டி.) இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 500 ரூபாய். பான், முகவரிச் சான்று, ரத்துசெய்த காசோலை போதும். ஆதார் வழியாகவே கையெழுத்திடலாம். எல்லாம் சரியாக இருந்தால் ஓரிரு நாளில் வந்துவிடும். எண் புதிதாக எதுவும் இல்லை, உங்கள் பான் எண்தான் ஐ.இ.சி. இதற்கு ஐயாயிரம், எட்டாயிரம் கேட்கும் முகவர்கள் இருக்கிறார்கள். அரசு தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்களும் தேடலில் மேலே வரும். முகவரியைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள். ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள், எதுவும் மாறாவிட்டாலும், ‘மாற்றமில்லை’ என்று உறுதிசெய்ய வேண்டும். விட்டால் எண் செயலிழந்துவிடும். சரக்கு துறைமுகத்தில் நிற்கும்போதுதான் அது பலருக்குத் தெரியவருகிறது.

மூன்றாவது ஏ.டி. கோடு. அந்நியச் செலாவணி கையாளும் உங்கள் வங்கிக் கிளையின் 14 இலக்க எண் இது. வங்கி தன் கடிதத்தாளில் எழுதித் தரும். அதை ஐஸ்கேட் என்ற சுங்கத்துறைத் தளத்தில் ஏற்றி, சுங்கத்துறை ஒப்புதல் வாங்க வேண்டும். எனக்கு மிகவும் இழுத்த இடம் இதுதான், மூன்று வாரம். சிறிய ஊர்க் கிளை மேலாளர் அந்தக் கடிதத்தைத் தன் பணிக்காலத்தில் எழுதியதே இல்லை. கணக்கைத் தொடங்கும்போதே, ‘இந்தக் கிளையில் ஏற்றுமதி பில் பார்ப்பீர்களா, இல்லை வேறு கிளைக்கு அனுப்புவீர்களா’ என்று கேட்டிருக்க வேண்டும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் இங்கே தேவைப்படும், சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். தூத்துக்குடியோ சென்னையோ கொச்சியோ, நீங்கள் அனுப்பப்போகும் துறைமுகத்துக்கு ஏ.டி. கோடு ஒப்புதலாகி நிற்கிறதா என்று சரக்கு கிளம்புவதற்கு முன் ஒருமுறை பாருங்கள்.

நான்காவது எல்.யூ.டி., அதாவது உறுதிமொழிக் கடிதம். ஜி.எஸ்.டி. தளத்தில் ஆர்.எஃப்.டி.-11 படிவம், கட்டணமில்லை, பத்து நிமிட வேலை. இது இருந்தால் ஐ.ஜி.எஸ்.டி. கட்டாமல் ஏற்றுமதி செய்யலாம். மார்ச் 31 அன்று காலாவதியாகும். ஏப்ரல் முதல் வாரம் பில் போடுபவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். பில் போட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் சரக்கு நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கிறது. ஆகவே பில்லை முன்கூட்டியே போட்டு வைக்காதீர்கள்.

கடைசியாக ஆர்.சி.எம்.சி. என்ற உறுப்பினர் சான்றிதழ். விளையாட்டுச் சாமான்களுக்கான ஏற்றுமதி ஊக்குவிப்புக் குழு டெல்லியில் 1958 முதல் இருக்கிறது. உறுப்பினரானால் இந்தச் சான்றிதழ் கிடைக்கும். அந்நிய வர்த்தகக் கொள்கையின் சலுகைகளுக்கும், மானியத்தோடு கண்காட்சியில் கடை போடுவதற்கும் கேட்பார்கள். உறுப்பினர் சந்தா வருடா வருடம் கட்ட வேண்டும். முதல் மாதமே இதற்குப் பணம் போட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மாதிரி அனுப்பி, ஓர் ஆளாவது விலை கேட்டபின் எடுத்தால் போதும்.

4. யாரிடம் விற்பது

விளையாட்டுச் சாமான் கடைக்காரர்களுக்கு நூறு மின்னஞ்சல் அனுப்பி நான் ஒரு பதிலும் பெறவில்லை. வலையை வாங்குபவர்கள் மைதானம் அமைக்கும் ஒப்பந்தக்காரர்கள், பள்ளிகளுக்குச் சாதனம் வழங்குபவர்கள், வலை பொருத்தித் தரும் சிறு நிறுவனங்கள். கண்காட்சியிலும் இதே கதை. இஸ்போ பெரிய பெயர், ஆனால் அது உடை, காலணி, பனிச்சறுக்குக்காரர்களின் திருவிழா. மைதானச் சாதனங்களுக்கு ஜெர்மனியின் கொலோன் நகரில் ஒற்றைப்படை ஆண்டுகளில் நடக்கும் எஃப்.எஸ்.பி. கண்காட்சிதான் சரியான இடம். முதல் தடவை கடை போடாமல் பார்வையாளராகப் போய், எதிரிகளின் வலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

எந்த நாடு? தீர்வைச் சலுகை தரும் வர்த்தக ஒப்பந்தங்களைப் பாருங்கள். ஐக்கிய அரபு அமீரகத்துடனான ஒப்பந்தம் 2022 மே 1 முதலும், ஆஸ்திரேலியாவுடனானது 2022 டிசம்பர் 29 முதலும் நடப்பில் இருக்கின்றன. பிரிட்டனுடன் 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தானது. கிரிக்கெட் வலைக்கு ஆஸ்திரேலியாவும் பிரிட்டனும் இயல்பான சந்தை. ஆஸ்திரேலியாவின் கிளப் பருவம் அக்டோபரில் தொடங்கும், அவர்கள் நம்மிடம் மே, ஜூனிலேயே பேசி முடித்திருப்பார்கள். பிரிட்டனில் ஏப்ரலில் பருவம், பேச்சு அதற்கு முந்தைய அக்டோபரில். இந்தக் காலண்டர் தெரியாமல் மார்ச்சில் பிரிட்டனுக்கு விலைப்பட்டியல் அனுப்பினால் யாரும் திறந்துகூடப் பார்க்கமாட்டார்கள்.

அமெரிக்கா பெரிய சந்தைதான். ஆனால் 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது கூடுதல் தீர்வை 50 சதவீதம் வரை போனதைப் பார்த்தோம். அங்கே அனுப்புவதென்றால் சரக்கு கிளம்பும் வாரத்தில் என்ன தீர்வை என்று பார்க்க வேண்டும். இறக்குமதித் தீர்வையை நாமே கட்டும் டி.டி.பி. விலைக்கு ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஒரு வகை மின்னஞ்சல் உங்களுக்கும் வரும். ஏதோ ஒரு நாட்டின் அரசு டெண்டர், பத்தாயிரம் வலை, மாதிரிகூட வேண்டாம், ஆனால் ‘விற்பனையாளர் பதிவுக் கட்டணம்’ மட்டும் முதலில் கட்டுங்கள். அழித்துவிடுங்கள்.

5. மாதிரி

முழு வலையை அனுப்பாதீர்கள். ஒரு மீட்டர் சதுரத் துண்டு, ஓரக்கயிறு தைத்த ஒரு மூலையோடு, விவரத்தாளையும் வைத்து அனுப்பினால் போதும். அஞ்சல் துறையின் டாக் கர் நிர்யாத் கேந்திரம் (அஞ்சலக ஏற்றுமதி மையம்) வழியாக அனுப்பினால் தனியார் கூரியரைவிடச் செலவு குறைவு, ஏற்றுமதி ஆவணமும் முறையாகவே பதிவாகும். நாள் கூடுதலாகும், அவசரமென்றால் கூரியர்தான். இலவச மாதிரியானாலும் இன்வாய்ஸில் பூஜ்யம் போடக்கூடாது, நியாயமான ஒரு மதிப்பு எழுத வேண்டும். அதே துண்டில் பாதியை வெட்டி, தேதி எழுதி, உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து ‘மாதிரியில் இருந்த நிறம் இது இல்லை’ என்று யாராவது சொல்லும்போது எடுத்துக்காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.

6. பரிசோதனைச் சான்று: கேட்டுவிட்டுச் செலவழியுங்கள்

ஐரோப்பாவுக்கு விற்றால் மூன்று விஷயம்.

ஒன்று, தரக்குறியீடுகள். வாலிபால் சாதனத்துக்கு ஈ.என். 1271, பேட்மின்டனுக்கு 1509, டென்னிஸுக்கு 1510, கோல் கம்பங்களுக்கு 16579. இவை பெரும்பாலும் கம்பத்தோடு சேர்ந்த சாதனத்துக்கானவை. வலை மட்டும் தருபவரிடம் எந்தப் பகுதி கேட்கப்படும் என்பதை வாங்குபவரிடம் எழுதி வாங்குங்கள்.

இரண்டு, ரசாயனம். ரீச் எனப்படும் ஐரோப்பிய ரசாயன விதிகளில், தோலில் படும் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு பி.ஏ.ஹெச். எனப்படும் சேர்மங்கள் ஒவ்வொன்றும் கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. விளையாட்டுச் சாதனங்கள் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லியே இருக்கின்றன. கருப்பு வலைக்காரர்கள் கவனிக்க வேண்டும், நிறத்துக்குச் சேர்க்கும் கார்பன் கருப்பு மட்டமானதாக இருந்தால் இதில் தவறிவிடும். நிறக்கட்டி விற்பவரிடம் சான்று வாங்கி வைத்தால் ஆய்வகச் செலவு குறையும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாகப் பரிசோதனைக் கட்டணம் என்பதால், ஆறு நிறம் தருகிறேன் என்று பெருமையடிக்காமல் இரண்டோடு தொடங்குங்கள்.

மூன்று, 2024 டிசம்பர் 13 முதல் நடப்பில் உள்ள பொதுப் பொருள் பாதுகாப்பு விதி. நுகர்வோர் கைக்குப் போகும் பொருளில் உற்பத்தியாளர் பெயர், முகவரியோடு ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருக்கும் ஒரு பொறுப்பாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். வாங்குபவர் இறக்குமதியாளரானால் அவரே பொறுப்பாளர், லேபிளில் போடவேண்டியதைக் கேட்டு வாங்குங்கள். இணையச் சந்தை வழியாக நேரடியாக விற்க நினைப்பவர்கள் அங்கே பணம் கொடுத்து ஒருவரை நியமிக்க வேண்டிவரும்.

குழந்தைகளுக்கான சிறு கோல் செட், வண்ண வண்ணமாக பெட்டியில் போட்டு விற்பது, இவை பொம்மை என்று கருதப்பட்டால் வேறு விதிகள், வேறு பரிசோதனைகள். புதியவர்கள் அந்தப் பக்கம் போகாமலிருப்பது நல்லது.

7. விலை போடுவது

வலைக்காரர்கள் கிலோ விலையில் சிந்திக்கிறோம். கப்பல்காரர் கனமீட்டரில் சிந்திக்கிறார். சில்லறைச் சரக்காக, அதாவது எல்.சி.எல். முறையில் அனுப்பினால், கனமீட்டர் அல்லது டன், எது அதிகமோ அதற்குக் கூலி. வலை ஒரு டன் எடை வருவதற்குள் பல கனமீட்டர் இடத்தை அடைத்துவிடும்.

ஒரு கணக்கு பாருங்கள். கையால் மடித்துக் கட்டிய ஒரு பொதி 60 × 50 × 40 செ.மீ., எடை 18 கிலோ. கூரியர் கணக்கில் நீள அகல உயரத்தைப் பெருக்கி 5,000ஆல் வகுத்தால் 24 கிலோ. அதாவது இல்லாத 6 கிலோவுக்கு நீங்கள் பணம் கட்டுகிறீர்கள். அதே பொதியை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் அழுத்தி உயரத்தை 28 ஆக்கினால் 16.8 வரும், அப்போது உண்மையான எடைக்கே கூலி. பிரஸ் வாங்க வேண்டாம், பக்கத்துப் பஞ்சு, துணிக் கழிவுக்காரர்களிடம் வாடகைக்குக் கிடைக்கும். ரொம்ப அழுத்தினால் முடிச்சில்லா வலையில் மடிப்புத் தடம் விழும், ஒரு பொதியை ஒரு மாதம் அழுத்தி வைத்துப் பிரித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

விலையில் சேர்க்க மறப்பவை: துறைமுகம் வரை லாரி, சுங்க முகவர் கூலி, சி.எஃப்.எஸ். கிடங்குக் கட்டணம், துறைமுகக் கையாளுதல், பி.எல். (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது) கட்டணம், மூலச்சான்றிதழ் (பொருள் எந்த நாட்டில் செய்தது என்பதற்கான சான்று), வங்கிக் கமிஷன், பரிசோதனை. என் முதல் சரக்கில் கடலைத் தாண்டிய கூலியைவிட தூத்துக்குடியில் ஆன சில்லறைச் செலவுகள்தான் அதிகம். மூன்று முகவர்களிடம் எல்லாத் தலைப்பும் அடங்கிய விலையை எழுத்தில் வாங்குங்கள். ‘கப்பல் கூலி இலவசம்’ என்பதுபோல யாராவது மிகக் குறைவாகச் சொன்னால், அந்தப் பணத்தை அக்கரையில் வாங்குபவரிடம் கறந்துவிடுவார்கள். அவர் உங்களைத்தான் திட்டுவார்.

தொடக்கத்தில் எஃப்.ஓ.பி. விலை சொல்லுங்கள். சரக்கைக் கப்பலில் ஏற்றும்வரை உங்கள் பொறுப்பு, மீதி அவருடையது. ஜி.எஸ்.டி. விஷயத்தில், 2025 செப்டம்பர் 22 முதல் விளையாட்டுச் சாமான்களுக்கு 5 சதவீதம், உடற்பயிற்சிச் சாதனங்கள் இதில் சேராது. ஹெச்.டி.பி.ஈ. குருணைக்கு இன்னும் 18 கட்டுகிறோம். அப்படிக் கட்டிய வரியின் வரவு தேங்கி நிற்கும், ரீஃபண்டாகத் திரும்ப வரும்வரை அது உங்கள் கைப்பணம். குறைந்தது மூன்று மாதம் அது இல்லாமல் சமாளிக்க முடியுமா என்று பார்த்துவிட்டு ஆர்டர் எடுங்கள்.

8. பணம் வரும் வழி

முதல் ஆர்டருக்கு 30 சதவீதம் முன்பணம், மீதி பி.எல். நகலைப் பார்த்தபின். இதைத் தாண்டி எதற்கும் நான் இறங்கியதில்லை. எல்.சி., அதாவது வாங்குபவரின் வங்கி தரும் பண உறுதிக் கடிதம், பாதுகாப்பானது என்பார்கள். ஆனால் சிறு ஆர்டரில் வங்கிக் கட்டணம் லாபத்தைத் தின்றுவிடும், ஆவணத்தில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் முரண்பாடு என்று திருப்புவார்கள். கடனுக்கு அனுப்பித்தான் ஆகவேண்டுமென்றால் ஏற்றுமதிக் கடன் உத்தரவாதக் கழகமான ஈ.சி.ஜி.சி.யில் காப்பீடு எடுங்கள். அந்தக் காப்பீட்டைவிட, வாங்குபவரின் நாணயத்தை அவர்கள் விசாரிப்பதே பெரிய உபகாரம்.

முன்பணத்துக்கு பி0103, பில்லுக்கு எதிராக வரும் பணத்துக்கு பி0102 என்ற நோக்கக் குறியீட்டை வங்கியில் சரியாகச் சொல்லுங்கள். 5,000 டாலர் அனுப்பினால் இடைவங்கிகள் பிடித்ததுபோக 4,970 வரலாம். பில் 5,000க்கு இருப்பதால் வங்கிக் கணினியில் அந்தப் பில் முடியாமல் திறந்தே நிற்கும். கட்டணம் முழுவதும் அனுப்புபவருடையது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள், அல்லது பிடித்தத் தொகையை உறுதிசெய்யும் கடிதத்தை வங்கியிடம் வாங்குங்கள்.

இன்னொன்று, மின்னஞ்சல் திருட்டு. இடையில் யாரோ புகுந்து ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று உங்கள் பெயரில் வாங்குபவருக்கு எழுதுவார்கள். கணக்கு எண்ணை ஒருபோதும் மின்னஞ்சலில் மாற்றமாட்டேன், மாறினால் வீடியோ அழைப்பில் சொல்வேன் என்று முதல் நாளே சொல்லிவையுங்கள்.

9. பொதியும் காகிதமும்

பொதிக்குள் ஈரம் இருக்கக்கூடாது. மழைக்காலத்தில் பின்னிய வலையை இரண்டு நாள் காற்றாட விட்டபின் கட்டுங்கள். மரப்பலகையில் ஏற்றினால், பூச்சி நீக்கியதைக் காட்டும் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை குத்திய பலகையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அக்கரையில் சரக்கையே திருப்பிவிடுவார்கள். பிளாஸ்டிக் பலகையோ வெறும் பொதியோ என்றால் அந்தத் தலைவலி இல்லை.

சுங்க முகவரிடம் போகவேண்டியவை இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஆர்டர் நகல், ஐ.இ.சி., எல்.யூ.டி. எண், விவரத்தாள். அவர் தயாரிக்கும் ஷிப்பிங் பில்லின் சரிபார்ப்பு நகலை நீங்களே வரிவரியாகப் படியுங்கள், ‘சார், எல்லாம் போட்டாச்சு’ என்பதை நம்பவேண்டாம். முக்கியமாகப் பார்க்கவேண்டியவை: எட்டிலக்க எண், எண்ணிக்கையும் எடையும் பேக்கிங் லிஸ்டோடு ஒக்கிறதா, ஜி.எஸ்.டி. இன்வாய்ஸ் எண் அப்படியே இருக்கிறதா, மாவட்டக் குறியீடு, ட்யூட்டி டிராபேக், ரோட்டெப். கடைசி இரண்டும் உள்ளே கட்டிய தீர்வையையும் வரிகளையும் ஏற்றுமதியாளருக்குத் திரும்பத் தரும் திட்டங்கள். ரோட்டெப் கோரிக்கை ஒவ்வொரு பொருளுக்கும் ஷிப்பிங் பில்லிலேயே அறிவிக்கப்பட வேண்டும். என் இரண்டாவது சரக்கில் முகவர் அதை ‘வேண்டாம்’ என்று குறித்துவிட்டார். கப்பல் போனபின் அதைத் திருத்த அலைந்ததில் கிடைக்கவேண்டிய தொகையைவிட அதிகம் செலவானது.

ஒப்பந்த நாடுகளுக்கு மூலச்சான்றிதழை டி.ஜி.எஃப்.டி. தளத்திலேயே விண்ணப்பிக்கலாம். அதில் எழுதும் பொருளின் பெயர் இன்வாய்ஸில் உள்ள அதே பெயராக இருக்க வேண்டும். இன்வாய்ஸில் ‘கிரிக்கெட் பயிற்சி வலை’, சான்றிதழில் ‘நைலான் வலை’ என்றிருந்தால் அங்கே சலுகைத் தீர்வை கிடைக்காது. கப்பல் கிளம்பிய இரண்டு மூன்று நாளுக்குள் விண்ணப்பித்துவிடுங்கள்.

நாள் கணக்கு: பதிவுகளுக்கு ஒன்றரை மாதம், மாதிரியும் பேச்சும் இரண்டு மூன்று மாதம், பரிசோதனை மூன்று வாரம், உற்பத்தி உங்கள் கையில். தூத்துக்குடியிலிருந்து பல சரக்குகள் கொழும்பில் கப்பல் மாறும், அங்கே ஒரு வாரம் உட்காரலாம். 2023 இறுதியில் செங்கடல் பிரச்சினை தொடங்கியபின் ஐரோப்பாவுக்கான கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனதில் பத்துப் பதினைந்து நாள் கூடியது. எந்த வழி போகிறது என்று புக்கிங்கின்போது கேட்டு, அதற்குமேல் பத்து நாள் சேர்த்து வாங்குபவருக்குச் சொல்லுங்கள்.

10. கப்பல் போனபிறகு

வேலை முடிந்ததென்று கோப்பைக் கட்டி வைத்துவிடாதீர்கள். பணம் வந்ததும் வங்கியில் ஷிப்பிங் பில்லோடு பொருத்தி முடிக்கச் சொல்லுங்கள். பணம் வந்ததற்கான சான்றான இ-பி.ஆர்.சி.யை இப்போது ஏற்றுமதியாளரே டி.ஜி.எஃப்.டி. தளத்தில் சுயசான்று அளித்து உருவாக்கிக்கொள்ளலாம். ஜி.எஸ்.டி.ஆர்.-1 கணக்குத் தாக்கலில், ஏற்றுமதிப் பகுதியில் ஷிப்பிங் பில் எண், தேதி, துறைமுகக் குறியீடு மூன்றையும் பிழையில்லாமல் ஏற்றுங்கள். தேங்கிய வரவுக்கான ரீஃபண்டை இரண்டு வருடத்துக்குள் கேட்க வேண்டும், ஆனால் காலாண்டுக்கு ஒருமுறை கேட்பதுதான் கைப்பணத்துக்கு நல்லது. டிராபேக் நேராக வங்கிக் கணக்குக்கு வரும். ரோட்டெப் தொகை ஐஸ்கேட்டில் ஸ்கிரிப்பாக, அதாவது இறக்குமதித் தீர்வை கட்டப் பயன்படும் வரவுச் சீட்டாக வரும், இறக்குமதி செய்யாதவர்கள் அதை வேறொருவருக்குச் சற்றுக் குறைந்த விலைக்கு விற்கலாம்.

மூலையில் கிடக்கும் அந்த 40 வலைகளை என்ன செய்வது என்று ஒரு மைதான ஒப்பந்தக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, 25 மி.மீ. சதுரக் கண்ணி கோல்ஃப் பயிற்சிக் கூண்டுக்குச் சரியாக இருக்கும் என்றார். ஒரு மீட்டர் துண்டு வெட்டி, விவரத்தாளோடு போன வாரம் அனுப்பியிருக்கிறேன்.